நட்சத்திரக் கப்பலில் எந்தத் தமிழில் வேதம் வாசிப்பது?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறோம். பூமியை விட்டுக் கிளம்பிய பதினொரு கப்பல்கள், அவற்றில் பரவிக் கிடக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபை. கிளம்பி முந்நூறு வருடம் ஆகிவிட்டது. வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அதோடு, பயணத்திலேயே பிறந்த இரண்டாவது நூல் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு பகுதி வாசிப்பார்கள். நாவலில் ஐம்பது அறுபது இடத்திலாவது அந்த நூலின் வரிகள் வரும். அவை எந்த வடிவத்தில், எந்தத் தமிழில் இருக்க வேண்டும் என்பதில்தான் எட்டு மாதமாக முடிவெடுக்க முடியாமல் இருந்தோம்.

நான் லுத்தரன். ஓர் அக்கா மெதடிஸ்ட். பினாங்கில் வளர்ந்த தம்பி கத்தோலிக்கர்; ஜூலை வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போய்விடுவார். எங்களில் மூத்த அண்ணன் சைவர், தேவாரத்தை ஏடு பார்க்காமல் சொல்லக்கூடியவர். சனிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். நாலு பேருக்கும் நாலு தமிழ். 'கடவுள்' என்று எழுதினால் அக்காவுக்கு ஒட்டவில்லை. 'தேவன்' என்று எழுதினால் தம்பிக்கு வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று மலேசியாவில் யாரும் கேட்க மாட்டார்கள். ஹெரால்ட் என்ற கத்தோலிக்க வார இதழின் மலாய்ப் பகுதியில் கடவுளைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லைப் போடலாமா என்ற வழக்கில் 2009 டிசம்பர் 31 அன்று உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. ஒரே ஒரு சொல்லுக்கு இத்தனை வருடம். அந்த வருடங்களில் பெரியவர்களாகி வந்தவர்கள் நாங்கள். கற்பனைச் சபைக்குச் சொல் பொறுக்குவதையும் அதே கவனத்தோடுதான் செய்ய முடிகிறது.

விண்வெளியில் வழிபாடு என்பதும் நமக்குப் புதிதல்ல. 2007 அக்டோபர் 10ஆம் தேதி நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் சோயூஸ் விண்கலத்தில் ஏறியபோது நோன்பு மாதம். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் பதினாறு சூரிய உதயம். ஐந்து வேளைத் தொழுகையை எதை வைத்துக் கணக்கிடுவது, தொழும் திசையான கிப்லாவை எப்படிப் பார்ப்பது என்று நம் நாட்டு மார்க்க அறிஞர்கள் கூடிப் பேசி ஒரு வழிகாட்டி எழுதினார்கள். நேரத்துக்கு ராக்கெட் கிளம்பிய ஊரின் கணக்கு. திசைக்கு முதலில் மக்காவிலுள்ள கஃபா, முடியாவிட்டால் அதற்கு நேர் மேலே உள்ள இடம், அதுவும் முடியாவிட்டால் பூமி, அப்புறம் எந்தப் பக்கமானாலும் சரி. எத்தனை நிதானமாக, எத்தனை இரக்கத்தோடு யோசித்திருக்கிறார்கள்! எங்கள் கப்பல் சபையின் நூலிலும் இந்தக் குணம் இருக்க வேண்டும் என்று அன்றே குறித்துவைத்தேன்.

முதலில் பேசியது விருத்தம். அண்ணனின் யோசனை. வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான வளனாரைக் காப்பியத் தலைவனாக வைத்துக் கம்பன் போன வழியிலேயே போயிருக்கிறார். கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. தமிழில் கிறிஸ்தவத்துக்குக் காப்பியம் உண்டு, அந்த வழியில் இன்னொன்று என்றார். அவர் சொன்ன காரணமும் நல்ல காரணம்: யாப்பில் ஒரு சீர் விழுந்தால் காதுக்கே தெரிந்துவிடும். கணினி நினைவகத்தை விண்வெளிக் கதிர்கள் அங்கங்கே புரட்டிவிடும் என்பது தெரிந்த சங்கதி. முந்நூறு வருடப் பயணத்தில் பிழை புகுந்தால் அதைக் காட்டிக்கொடுக்க எதுகையும் மோனையும் இருக்கும். ஆனால் நாவலுக்குள் நாலு வரிப் பாட்டு வந்தால் இன்றைய வாசகர் தாண்டிப் போய்விடுகிறார். அண்ணன் எழுதிவந்த ஆறு விருத்தங்களை இளைஞர் கூட்டத்தில் வாசித்துப் பார்த்தோம். எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டில் என்ன நடந்தது என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, சிதைந்த வேதம். பாதி அழிந்துபோன நூல், இடையிடையே வெற்றிடம், மிஞ்சிய வரிகளை வைத்து ஒரு சபை வாழ்கிறது. இதுவும் அண்ணன் சொன்னதுதான். சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்ட கதையை அவர் சொன்ன விதத்தில் எங்கள் மேசை அமைதியாகிவிட்டது. அவற்றைப் பாடிய மூவர் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம்; மூவரின் திருவுருவங்களையும் ராஜா எடுத்துவந்து வாசலில் நிறுத்தினானாம்; புற்று மண்ணைக் கழுவி எடுத்தபோது இந்தக் காலத்துக்கு வேண்டிய அளவு மட்டும் மிஞ்சியிருந்ததாம். எனக்கு இந்த வழியில் மிகவும் ஆசை. தடுத்தது அக்கா. நாம் எழுதுகிறவர்கள், எழுத வராத இடத்தையெல்லாம் செல்லரித்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம் என்றார். என் வரைவில் மூன்று இடத்தில் அப்படித்தான் செய்திருந்தேன். அவர் சுட்டிக் காட்டியபோது பதில் பேச முடியவில்லை.

அப்புறம் வந்தது, நூலின் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலைப் போலவா, புதிய மொழிபெயர்ப்பைப் போலவா என்ற கேள்வி. இதில்தான் அதிக நாள் போயிற்று.

எங்கள் பாட்டியின் வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த மொழிபெயர்ப்பின் பிந்தைய பதிப்பு. அட்டை கழன்று, தாத்தா தோட்டத்துச் சாக்கு தைக்கும் நூலால் தைத்துவைத்திருக்கிறார். பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தால் சங்கீதம் இருக்கும் இடம் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுத்திருக்கும். பாட்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் சங்கீதங்களில் பாதிக்கு மேல் மனப்பாடம். கண் தெரியாமல் போன பிறகும் அந்தப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொல்லுவார். ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்ற வரி எனக்கு அவர் குரலில்தான் கேட்கிறது.

தம்பியின் வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆகிறது, சுவிசேஷம் நற்செய்தி ஆகிறது, அப்போஸ்தலர் திருத்தூதர் ஆகிறார். இன்றைய தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு அகராதி வேண்டாம். கப்பலில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தால் இதுதான் நியாயமான தேர்வு என்று முதலில் முடிவுக்கே வந்துவிட்டோம். 'சிருஷ்டித்தார்', 'உண்டாகக்கடவது' எல்லாம் முந்நூறு வருடம் கழித்து யார் வாயில் நிற்கும்?

முடிவை மாற்றியது ஒரே ஒரு சொல். விண்.

பாட்டியின் புத்தகத்தில் இயேசு கற்பித்த ஜெபம் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும். தம்பியின் புத்தகத்தில் 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே'. அங்கே பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது. இங்கே விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது. பூமியில் உட்கார்ந்து வாசிக்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஆனால் கப்பலில் இருப்பவனுக்கு விண் என்பது சன்னலுக்கு வெளியே இருப்பது. விண்வெளி, விண்கலம், விண்கல் என்று நாள் முழுக்க அவன் வேலை பார்க்கும் சொல். அவனிடம் போய் விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது என்றால், அடுத்த குடியேற்றத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணத் தொடங்குவான். பழைய மொழிபெயர்ப்பில் வானம் வேறு, பரலோகம் வேறு. வானம் ஏறிப் போகக்கூடியது. பரலோகத்துக்கு எந்தக் கப்பலும் போகாது. முந்நூறு வருடம் வானத்திலேயே இருந்தும் பரலோகத்துக்கு ஓர் அடி கூட நெருங்கவில்லை என்று ஒரு கிழவி சொல்லும் காட்சி நாவலின் நடுவில் வருகிறது. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் அந்தக் காட்சியை எழுதவே முடியாது. பரமண்டலம் என்றால் சூரிய மண்டலம் மாதிரி ஒன்றா என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வியையும் நாவலில் சேர்த்துவிட்டோம்.

இன்னோர் இடம், வெளிப்படுத்தின விசேஷம் இருபத்தோராம் அதிகாரம். 'முந்தின வானமும் முந்தின பூமியும் ஒழிந்துபோயின; சமுத்திரமும் இல்லாமற்போயிற்று.' நாம் இதை வரப்போகும் காரியமாக வாசிக்கிறோம். கடலைக் கண்ணால் பார்த்தே இராத சபை இதை நடந்து முடிந்த வரலாறாக வாசிக்கும். இந்த வரிக்கு அந்த அடங்கிய, கனமான பழைய நடை வேண்டும். தம்பியே ஒத்துக்கொண்டார்.

சரி, அப்படியானால் முழு நூலையும் பழைய திருப்புதல் நடையில் எழுதிவிடலாமா? நான் பத்துப் பக்கம் எழுதிப் பார்த்தேன். 'உண்டாயிற்று', 'அப்பொழுது அவன் அவர்களை நோக்கி' என்று கையே தானாக ஓடியது. படிக்கக் கம்பீரமாகவும் இருந்தது. ஆனால் அது எங்கள் சபை எழுதியதாக இல்லை, பாட்டியின் புத்தகத்தைப் பார்த்து எழுதிய நகல்போல் இருந்தது. இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொண்டது. வேதாகமத்தின் கடைசி அதிகாரமே, இதோடு எதையாவது கூட்டுகிறவனை எச்சரித்துத்தான் முடிகிறது. வேதத்தின் குரலிலேயே புதிய வசனம் எழுதுவது விசுவாசியான எனக்கு உறுத்தியது. நாவல்தானே என்று சொல்லி அந்த உறுத்தலை ஒதுக்க நான் விரும்பவில்லை. கப்பலில் இருக்கும் சபையாருக்கும் அதே பயம் இருந்திருக்கும் அல்லவா? அவர்கள் வேதாகமத்துக்குப் போட்டியாக இன்னொன்றை எழுதியிருக்க மாட்டார்கள். வேறு ஏதோ தேவைக்கு எழுதியது காலப்போக்கில் வாசிப்பு நூலாக மாறியிருக்க வேண்டும்.

அந்தத் தேவை என்ன என்று தேடியபோதுதான் கடிதம் கிடைத்தது.

புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு புத்தகங்களில் இருபத்தொன்று கடிதங்கள். ஒரு சபையில் சண்டை, இன்னொன்றில் பணக் கஷ்டம், மற்றொன்றில் யாரோ சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்ற தகராறு. அதற்குப் பதிலாக எழுதியவைதான் பின்னால் வேதம் ஆயின. அந்த இருபத்தேழு என்ற பட்டியலை நாம் இன்று வைத்திருக்கும்படியே எழுதிவைத்தது கி.பி. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார். அதுவும் ஒரு கடிதத்தில்தான். அது என்ன கடிதம் என்றால், அந்த வருடம் உயிர்த்தெழுதல் திருநாள் எந்தத் தேதியில் வருகிறது என்று சபைகளுக்குத் தெரிவிக்க அலெக்சாந்திரிய ஆயர்கள் வருடா வருடம் எழுதிவந்த திருநாள் மடல்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கப்பல்களுக்கு வேண்டியது இதேதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் திருநாள். கப்பலில் மார்ச்சும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. அட்டவணை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் எந்தக் கடிகாரத்தை வைத்து? ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போகிற கப்பலில் கடிகாரம் பூமியின் நூறு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பின்தங்கிவிடும். வேகம் கூடக் குறைய ஓடும் பதினொரு கப்பலில் பதினொரு ஞாயிறு. எல்லாரும் ஒரே நாளில் திருநாள் கொண்டாட வேண்டுமென்றால் ஓரிடத்திலிருந்து யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். தேதியைச் சொல்ல எழுதும் கடிதத்தில், போன தடவை அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் சேரும். செத்தவர்களின் பேர்களும் பிறந்தவர்களின் பேர்களும் சேரும். முந்நூறு வருடத்தில் முந்நூறு மடல். அதுவே அந்த இரண்டாவது நூல்.

இடைவெளி இந்த வடிவத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சேதி போக மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா செந்தாரி 4.24 ஒளியாண்டு தூரம். கேள்வி போய்ப் பதில் வர எட்டரை வருடம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதினால், பதில் வரும்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். எழுதுகிறவருக்கும் அது தெரியும். தெரிந்தே எழுத வேண்டும். வசனமாகவோ கட்டளையாகவோ எழுதினால் இந்த வலி வராது.

மலேசியத் தமிழருக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ஊருக்கு அவர் எழுதியவை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே அடுத்ததை எழுதுவாராம். ஊரிலிருந்து வந்த ஒரு நீலநிற விமானக் கடிதத்தைப் பாட்டி அந்த வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். உள்ளே இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றிலும், ஒட்டும் மடிப்பின் உட்புறத்திலும் எழுத்து. பிரிக்கும்போது கிழிந்ததில் நாலு சொல் போய்விட்டது. 'இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்குகிறது. ஆறாவது வரியில் கொள்ளுத்தாத்தா இறந்துவிட்ட செய்தி. வழக்கமாக எழுதும் அந்த முதல் வரியை மாற்ற எழுதியவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. எங்கள் கப்பல் மடல்கள் எல்லாம் அந்த வரியில்தான் தொடங்கும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

பேர் வைப்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. 'நிருபம்' என்றால் இன்றைக்குப் பத்திரிகை நிருபர் ஞாபகம் வருகிறது. திருவிவிலியத்தில் வரும் 'திருமுகம்' அழகான சொல், கடிதம் என்றும் முகம் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஆனால் எழுதிய கையோடு யாரும் தன் கடிதத்தைத் திருமுகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே எழுதுகிறவர்கள் அதை மடல் என்பார்கள். நூறு வருடம் கழித்து வாசிக்கிறவர்கள் திருமுகம் என்பார்கள். இந்தச் சொல் மாறும் இடத்தை நாவலில் யாரும் விளக்கப்போவதில்லை.

மொழிப் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. மடல்கள் நாம் இப்போது எழுதும் தமிழில் இருக்கும். கடவுளை ஆண்டவர் என்றே சொல்லும், அது எல்லாச் சபையாருக்கும் வாயில் வருகிற சொல். எழுதுகிறவர் மனப்பாடமாக ஒரு வசனத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் பாட்டியின் புத்தகம் அப்படியே வரும். பவுலும் இப்படித்தானே? தன் பேச்சுக்கு நடுவே சங்கீதத்தை எடுத்துப் போடுகிறார், நடை சட்டென்று மாறுகிறது, கேட்கிறவர்களுக்கு எது பழையது என்று சொல்லாமலே தெரிகிறது. தம்பி இதற்குச் சம்மதித்தார். ஆனால் பதினொரு கப்பலில் இரண்டு கப்பலாவது திருவிவிலியத்தை மனப்பாடம் பண்ணியதாக இருக்க வேண்டும், அங்கிருந்து வரும் மேற்கோள்கள் அந்தத் தமிழில் வர வேண்டும் என்று கேட்டார். கொடுத்தோம். இரு வகைக் கப்பல்களும் ஒரே சங்கீதத்தை இரண்டு விதமாகச் சொல்வது கதைக்கே நல்லது. அண்ணனுக்கும் ஒரு கப்பல் இருக்கிறது. அங்கே மடலை ராகத்தோடு வாசிப்பார்கள்.

போன சனிக்கிழமை நாற்பத்தேழாம் மடலை அக்கா சத்தமாக வாசித்தார். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதன் தொடக்கம் இது:

'முதலாம் கப்பலிலிருந்து, ஏழாம் கப்பலிலுள்ள சபைக்கு. இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். உங்கள் நலம் எங்களுக்கு நாலு வருடத்துக்கு முந்தையது மட்டுமே தெரியும். திருநாள் உங்கள் கணக்கில் நூற்றிரண்டாம் நாள் வருகிறது. அப்பத்துக்குக் கோதுமை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இருப்பதைப் பிட்டுக்கொள்ளுங்கள், இங்கே நாங்களும் மரவள்ளிதான். எடையில்லாத அறையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழ மாட்டேன் என்கிறது என்று உங்கள் சபை ஐயர் வருத்தப்பட்டிருந்தார். ஒரு துளி போதும் என்று அவரிடம் சொல்லுங்கள். துளி மிதந்துகொண்டு அதன் இடத்தில் இருக்கட்டும். குழந்தையின் நெற்றியை அதனிடம் கொண்டுபோங்கள். நான் வானத்திற்கு ஏறினாலும், நீர் அங்கே இருக்கிறீர் என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குழந்தைக்கு இந்நேரம் நாலு வயது முடிந்திருக்கும். எங்கள் பதில் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே செய்து முடித்திருந்தால், நல்லது செய்தீர்கள்.'